திருப்பித் தரும் குழி

செவ்வாய்க்கிழமைகளில் ஆஸ்பத்திரி.
மூன்றாம் மாடி, காத்திருப்போர் கூடம்,
காப்பி இயந்திரம் எண் நாற்பத்தொன்று.
வயிற்றைத் திறந்து காசை அள்ளுவேன்,
தூள் நிரப்புவேன், குவளை அடுக்குவேன்,
கண்ணாடியில் படிந்த விரல்களைத் துடைப்பேன்.
பத்தொன்பது வருடமாக
ஈரி நகரத்தில் இதுதான் உத்தியோகம்.

மூட்டையை அப்படியே
வங்கிக்குக் கொண்டுபோகிறவன் இல்லை நான்.
வேனுக்குள், ஹீட்டர் இரைச்சலில்,
மடியில் துண்டு விரித்து
ஒவ்வொன்றாகப் புரட்டுவேன்.
எடுத்ததற்கு ஈடாக என் காசைப் போட்டுவிடுவேன்.
கம்பெனிக் கணக்கில் ஒரு சென்ட் குறைந்ததில்லை.
தேடுவது தப்புகளை.
எழுத்து இரட்டையாக விழுந்தது,
வருடம் விழாமலே போனது,
தலை நழுவி ஓரத்துக்கு ஒதுங்கி
பாதி வெறும் உலோகமாய் நிற்பது.
காசடிக்கும் ஆலையில்
யாரோ கொட்டாவி விட்ட ஒரு நொடி
கை மாறி கை மாறி
என் மடியில் வந்து விழ வேண்டும்.
பத்தாயிரம் புரட்டினால் ஒன்று.
சில வருடம் அதுவும் கிடையாது.
இரட்டை எழுத்து விழுந்த ஒரு சென்ட்
ஒருமுறை பின்சக்கர டயரானது.
அதற்குமேல் ராக்சேன் எதையும் நம்பவில்லை.

பிப்ரவரி. ஏரியிலிருந்து பனி
படுக்கைவாட்டில் அடித்த நாள்.
முயல் காது வைத்த வீட்டுச் செருப்போடு,
ஒரு காது பிய்ந்து தொங்க,
ஓடி வந்திருந்த ஒரு பெண்மணி
கால் டாலரைப் போடுகிறாள்.
டிங். குழியில் விழுகிறது.
மறுபடி போடுகிறாள். டிங்.
இயந்திரத்தின் விலாவில் உரசிப் போடுகிறாள்,
எல்லோரும் உரசுவார்கள்,
ஏனென்று யாருக்கும் தெரியாது.
டிங்.
"இன்னிக்கு இதுகூட என்னை வேண்டாங்குது"
என்றாள், என்னிடம் இல்லை,
இயந்திரத்திடமும் இல்லை.

"குடுங்க பாக்கலாம்."
வாங்கியதுமே கைக்குத் தெரிந்துவிட்டது.
எடை ஓர் இழை குறைவு.
விளிம்பில் ஓட வேண்டிய செம்புக் கோடு இல்லை.
தலைக்கு மேலிருந்த எழுத்துகள்
இடம் போதாமல் உச்சி வெட்டுப்பட்டிருந்தன.
ஐந்து சென்ட்டுக்கு வெட்டிய வில்லையில்
இருபத்தைந்தின் அச்சு இறங்கியிருக்கிறது.
அதன் தலையெழுத்து அப்படி.
செல்லாக்காசு. அதனாலேயே
நூற்றைம்பது, இருநூறு டாலர் போகும்.

என் பையிலிருந்து நல்ல காசு ஒன்றை
துளைக்குள் தள்ளினேன்.
காப்பி இறங்கியது.
"ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு" என்றாள்.
அந்த மனசோடு
லிப்டில் கீழே இறங்கினேன்.

சாவியைத் திருகவில்லை.
முன்கண்ணாடியைப் பனி மூடிக்கொண்டே வந்தது.
கணக்கு சரிதானே,
இருபத்தைந்துக்கு இருபத்தைந்து.
யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.
மறுபடி சொல்லிப் பார்த்தேன்.
மறுபடி.
டிங்.

மேலே போனபோது நாற்காலி காலி.
குடிக்கப்படாத காப்பியில்
ஆடை கட்டியிருந்தது.
"உள்ளே கூப்பிட்டாங்க" என்றாள் நர்ஸ் மார்செல்லா.
பேரைச் சொல்ல அவளுக்கு அனுமதியில்லை.
நானும் என்னவென்று கேட்பது,
சில்லறை பாக்கி என்றா?

கடைக்கார ஹார்லன் லென்ஸ் வைத்துப் பார்த்து
நூற்றெண்பது என்றான்.
நான் பேசாமல் இருக்க, நூற்றுத் தொண்ணூறு.
"இது என் நாணயம் இல்லை" என்றேன்.
என் காதிலேயே அந்தச் சொல்
இரட்டையாக விழுந்தது.

மூன்றாம் மாடியில் இப்போதெல்லாம்
முதலில் செருப்புகளைத்தான் பார்க்கிறேன்.
பூட்ஸ், பூட்ஸ், ஒரு குழந்தையின் சாக்ஸ்.
நாற்பத்தொன்றைப் பூட்டியபின்
சட்டைப் பையிலிருந்து எடுத்து
ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன்.
டிங் என்றதும்
காத்திருப்பவர்கள் தலை நிமிர்கிறார்கள்.
போன வாரம் ஒரு பையன் எழுந்து வந்து
"உரசிப் போடுங்க" என்றான்.

உரசிப் போட்டேன்.